காக்கிநாடாவும் கச்சிராயபாளையமும்: பொறியியல் மாணவருக்குத் தொழில்முனைவு சொல்லிக்கொடுக்கும் பாடம் பற்றி

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரி. பெயர் வேண்டாம். தொழில்முனைவோர் மன்றத் தொடக்க விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசியவர் மேடையில் கைதேர்ந்தவர். ரிஸ்க் எடுங்க, வேலை தேடாதீங்க, வேலை குடுங்க என்று அடுக்கி முடித்ததும் அரங்கம் முழுக்கக் கைதட்டல். கேள்வி நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்தான். மூன்றாம் வருஷம், மெக்கானிக்கல்.

"சார், எங்க அப்பா கரும்பு போட்டாரு. வெட்டி அனுப்பி ஒரு வருசம் ஆவுது, முழுப் பணம் இன்னும் வரல. எங்க வீட்டு ரிஸ்க்க அவரு ஏற்கனவே எடுத்துட்டாரு. நான் வேலைக்குப் போனாத்தான் அது அடையும்."

எல்லாரும் சிரித்தார்கள். பேச்சாளரும் சிரித்துக்கொண்டே, "பாசிட்டிவா யோசிங்க தம்பி" என்றார். பையன் உட்கார்ந்துவிட்டான். அடுத்து நான் பேசணும். தயார் பண்ணிக்கொண்டு போனதைப் பேசவே மனசு வரல. எதையோ சொல்லி ஒப்பேற்றிவிட்டு வந்தேன். வந்த பிறகு, இந்தப் பிள்ளைகளுக்கு உண்மையில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று பாடத்திட்டத்தை எடுத்து உட்கார்ந்து படித்தேன். இந்தக் குறிப்பு அந்தப் படிப்பின் விளைவு.

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2013 ரெகுலேஷனில் 'ஆந்த்ரப்ரனர்ஷிப் டெவலப்மென்ட்' என்று ஒரு விருப்பப் பாடம். எம்ஜி 6071 என்பது அதன் எண். பிள்ளைகள் வாயில் 'இ.டி. பேப்பர்'. (இப்போ இ.டி. என்றால் தொழில் பண்ணுகிறவர்களுக்கு வேறு ஞாபகம் வரும், அது வேறு கதை.) 45 மணி நேரம், 5 அலகு. முதல் அலகில் தொழில்முனைவோர் யார், எத்தனை வகை, சொந்தத் தொழில் செய்பவருக்கும் கம்பெனிக்குள்ளேயே புதுசாகச் செய்பவருக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு அட்டவணை. இரண்டாவதில் ஊக்கம், மூன்றாவதில் திட்ட அறிக்கை, நான்காவதில் நிதியும் கணக்கும். ஐந்தாவதில் சிறுதொழில் நலிவு, அரசு உதவி, விரிவாக்கம், சப் கான்ட்ராக்ட். கணக்குப் போட வேண்டியது குறைவு, கதை அடிக்க வேண்டியது அதிகம். அதனால் கடைசி செமஸ்டரில் இதை எடுத்தால் மார்க்குக்குப் பயமில்லை என்று ஒரு நம்பிக்கை.

2021 ரெகுலேஷனில் இது வளர்ந்து ஆறு பாடம் கொண்ட தனிப் பிரிவே ஆகிவிட்டது: அடிப்படை, குழுத் தலைமை, படைப்பாற்றல், சந்தை, மனிதவளம், நிதி. இதுபோக, மத்தியக் கல்வி அமைச்சகம் 2018-இல் தொடங்கிய புத்தாக்கக் கவுன்சில் கல்லூரிக்குக் கல்லூரி இருக்கிறது. நிகழ்ச்சி நடத்தி, படம் எடுத்து, அறிக்கை ஏற்றினால் நட்சத்திரம் கிடைக்கும். மாநில அரசு பக்கம் 2022-இல் வந்த 'நான் முதல்வன்', ஸ்டார்ட்அப் டிஎன் என்று இன்னொரு வரிசை. ஆக, சொல்லிக்கொடுக்கவில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. நிறையவே சொல்லிக்கொடுக்கிறோம்.

எனக்குப் பிரச்சினை அந்த இரண்டாம் அலகில்தான். அங்கிருந்துதான் அந்த மேடைப் பேச்சும் வருகிறது.

சாதனை ஊக்கப் பயிற்சி, சுயமதிப்பீடு, வணிக விளையாட்டு, படம் பார்த்துக் கதை சொல்லும் சோதனை. இந்த நான்கும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட் 1961-இல் ஒரு புத்தகம் எழுதினார். ஒரு சமூகம் முன்னேறுவதற்குக் காரணம் அங்குள்ளவர்களின் சாதிக்கும் வேட்கை, அதை அளக்கவும் முடியும், வளர்க்கவும் முடியும் என்பது அவர் வாதம். அதைச் சோதித்துப் பார்க்க அவர் தேர்ந்தெடுத்த ஊர் ஆந்திரக் கடற்கரையில் இருக்கும் காக்கிநாடா. 1964-இல் அந்த ஊர் வியாபாரிகளை ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்துக்கு அழைத்துப் போய்ச் சில நாள் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு ஊருக்குத் திரும்பியவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கவனித்தார்கள். பயிற்சி பெறாதவர்களைவிட இவர்கள் அதிகம் முதலீடு செய்தார்கள், புதுத் தொழில் தொடங்கினார்கள், ஆள் சேர்த்தார்கள். நம் ஊர்ப் பாடப்புத்தகங்கள் இதோடு நிறுத்திக்கொள்ளும். பழைய நம்பிக்கைகள் தொழில்முனைவுக்குத் தடையில்லை என்று ஒரு வரி சேர்ப்பார்கள். 16 மார்க் கேள்விக்கு இது போதும்.

ஆனால் மெக்லெலண்டும் அவருடைய சக ஆய்வாளர் டேவிட் விண்டரும் சேர்ந்து 1969-இல் வெளியிட்ட முழு அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. பயிற்சி யாருக்குப் பலித்தது என்று பிரித்துப் பார்த்தபோது, தன் தொழிலில் தானே முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களுக்குத்தான் பலித்திருந்தது. அண்ணனோ அப்பாவோ முதலாளியாக இருந்து, இவர் கல்லாவில் மட்டும் உட்கார்ந்திருந்தால் பலிக்கவில்லை. அதாவது ஏற்கனவே கடை இருக்கு, சரக்கு இருக்கு, கடன் கொடுக்க ஆள் இருக்கு, முடிவெடுக்கிற அதிகாரமும் கையில் இருக்கு என்றால் ஊக்கம் வேலை செய்யும்.

இந்தப் பயிற்சியைத்தான் எடுத்து, கடையும் இல்லாத, கல்லாவும் இல்லாத, வீட்டில் முடிவெடுக்கும் இடத்திலும் இல்லாத 20 வயதுப் பிள்ளைக்கு, செய்முறையும் இல்லாமல், இரண்டு மார்க் விளக்கமாகக் கொடுக்கிறோம். மருந்தை மட்டுமாவது கொடுத்தோமா என்றால் அதுவும் இல்லை, மருந்துச் சீட்டை மனப்பாடம் பண்ணச் சொல்கிறோம்.

இன்னொன்று. அந்தப் பயிற்சியில் ஒரு வளையம் எறியும் விளையாட்டு உண்டு. நட்டு வைத்த குச்சியில் வளையத்தை மாட்டணும், எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பது உங்கள் இஷ்டம். சாதனை வேட்கை அதிகம் உள்ளவர் குச்சிக்கு ஒட்டியும் நிற்க மாட்டார், எட்டாத தூரத்திலும் நிற்க மாட்டார். முயன்றால் விழும் என்கிற நடு தூரத்தில் நிற்பார். மெக்லெலண்ட் சொன்ன தொழில்முனைவோர் அளந்து ரிஸ்க் எடுப்பவர். அந்த விழாப் பேச்சாளர் சொன்னது இதற்கு நேர் எதிர். கடைசி வரிசைப் பையன்தான் தூரத்தைச் சரியாக அளந்திருக்கிறான். அவன் கையில் இருப்பது ஒரே ஒரு வளையம், அதுவும் கடன் வாங்கியது. அவனை எங்கே நிற்கச் சொல்வீர்கள்?

சரி, இந்த மாவட்டத்தில் ஊக்கம்தான் குறைவா என்று கேட்டுப் பார்ப்போம்.

கள்ளக்குறிச்சி 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்த மாவட்டம். நகரத்திலிருந்து கச்சிராயபாளையம், கோமுகி அணை தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் கல்வராயன் மலை. கரியாலூர், அதற்கு மேலே வெள்ளிமலை. மலையாளிப் பழங்குடியினர் வாழும் இடம். 1976 வரைக்கும் இந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆன பிறகும் இங்கே நிலம் யாருடையது என்பதற்கு நேரான பதில் இல்லை. பட்டா பிரச்சினை இன்றும் தீர்ந்தபாடில்லை. பட்டா இல்லாத நிலத்தைக் காட்டி எந்த வங்கியிலும் எதுவும் வாங்க முடியாது.

இந்த மலையில் பல பத்தாண்டுகளாக நடந்த ஒரு தொழில் எல்லாருக்கும் தெரியும். சாராயம். மூலப்பொருளான வெல்லம் கீழிருந்து மலைக்குப் போகணும், வழியில் சோதனைச்சாவடி. ஓடைக்கரையில் ஊறல் போடணும், காய்ச்சணும், டியூபில் அடைத்துக் கீழே இறக்கணும். போலீஸ் வந்து பேரல் பேரலாகக் கொட்டி அழித்துவிட்டுப் போனால், மறுபடி முதலிலிருந்து. திட்ட அறிக்கை எழுதாமலேயே இதில் மூலதனம், கொள்முதல், உற்பத்தி, போக்குவரத்து, விநியோகம், கடன் வசூல், நஷ்டத்தைத் தாங்குவது எல்லாம் இருக்கு. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இதில் வருமானம் பார்த்தவர்களில் பலர் மலையில் இல்லை, கேஸ் வாங்கியவர்கள்தான் மலையில் இருந்தார்கள். இதேபோல, செம்மரம் வெட்டக் கூலிக்கு ஆள் பிடிக்கும் ஏஜென்ட்டுகள் வந்து போகிற மலைகளில் இதுவும் ஒன்று. ஆந்திரக் காட்டுக்குப் போனால் என்ன நடக்கலாம் என்று 2015 ஏப்ரலில் சேஷாசலத்தில் 20 தமிழர்கள் சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போனவர்கள் உண்டு. ரிஸ்க் எடுக்கத் தெரியாதவர்கள் என்று இவர்களைச் சொல்ல முடியுமா?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்ளேயே, கருணாபுரத்தில், மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். ஒன்றைப் பிரித்துப் பார்க்கணும். மெத்தனால் மலையில் ஊறும் பொருள் இல்லை. அது ஆலைகளுக்கான ரசாயனம், கணக்கு வைத்து வாங்கி விற்க வேண்டியது. அது பாக்கெட் சாராயமாக மாறி அன்றாடக் கூலி வாங்குகிறவர் கைக்கு வந்து சேர்ந்தது என்றால் அங்கேயும் யாரோ 'முனைந்திருக்கிறார்கள்'. அந்தச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை என்று அடிப்படையிலிருந்து கேட்க வேண்டி வந்தது.

வில்லியம் பாமல் என்ற பொருளியலாளர் 1990-இல் எழுதிய ஒரு கட்டுரை இந்த இடத்தில் ரொம்ப உதவும். தொழில்முனைவில் ஆக்கம் தருவது, ஆக்கம் தராதது, அழிப்பது என்று மூன்று உண்டு. எந்தச் சமூகத்திலும் முனைகிற ஆட்களுக்குப் பஞ்சமில்லை. அவர்கள் எந்தப் பக்கம் போவார்கள் என்பதை அந்தச் சமூகத்தின் விதிகளும் பரிசுகளும்தான் தீர்மானிக்கின்றன என்பது அவர் வாதம். பழைய சீனத்தில் கெட்டிக்காரர்கள் எல்லாம் அரசுத் தேர்வுக்குப் போனார்கள், ஏனென்றால் செல்வமும் மரியாதையும் அங்கேதான் இருந்தன. (நம்ம ஊரில் குரூப் 4-க்கு எத்தனை லட்சம் பேர் எழுதுகிறார்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஊக்கம் இல்லை என்றா சொல்வது?) இந்தக் கட்டுரையை அந்த 45 மணி நேரத்தில் ஒரு மணி நேரம் நடத்தினால் போதும். கள்ளக்குறிச்சிப் பிள்ளைகளுக்கு உதாரணம் தேடி நியூயார்க் போக வேண்டாம்.

நோய் ஊக்கக் குறைவு என்று முடிவு கட்டிவிட்டால் வைத்தியம் ஊக்கப் பேச்சு ஆகிவிடுகிறது. அதுதான் என் புகார்.

இதன் விளைவை ஐடியா போட்டிகளில் பார்க்கலாம். நான் நடுவராக உட்கார்ந்த ஒரு போட்டியில் பத்தில் நாலு, விவசாயியையும் வாங்குபவரையும் நேரடியாக இணைக்கும் ஆப். முதல் சிலைடில் சோகமான விவசாயி, இரண்டாவதில் 'இடைத்தரகர்' என்று சிவப்பு எழுத்து, மூன்றாவதில் அவர் மேல் ஒரு பெருக்கல் குறி. அரசாங்கம் 1999-இலேயே உழவர் சந்தை கொண்டுவந்தது, 2018-இல் உழவன் ஆப் வெளியிட்டது, அதெல்லாம் என்ன ஆச்சு, எங்கே ஓடியது, எங்கே நின்றது என்று ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. போய்ப் பார் என்று யாரும் சொல்லவில்லையே.

மலையில் குச்சிக்கிழங்கு போடுகிறவரிடம் போய்க் கேட்டால் இடைத்தரகர் யார் என்று தெரியும். விதைக்கரணை வாங்க, களை எடுக்க, பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் போனால் ஆஸ்பத்திரிக்கு, முன்பணம் தருகிறவர் அவர். அறுப்புக்கு ஆள் கொண்டுவருகிறவர், லாரி ஏற்பாடு பண்ணுகிறவர், விலை இறங்கினாலும் சரக்கை எடுத்துக்கொள்கிறவர். அதற்கெல்லாம் சேர்த்துத்தான் விலையில் பிடித்துக்கொள்கிறார், சில நேரம் கொள்ளையாகவே. அவரை ஒரு ஆப்பால் அழித்தால் இத்தனை வேலையையும் யார் செய்வது? அவர்தான் அந்த மலையின் வங்கி. நான்காம் அலகில் 'நிதி ஆதாரங்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கு. அதில் அவர் இல்லை.

அந்தக் கிழங்கிலேயே இன்னும் கொஞ்சம் நிற்கிறேன். ஏனென்றால் நமக்குப் பக்கத்திலேயே ஒரு முழுப் பாடம் அதற்குள் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் சமயத்தில் மலேயா பக்கமிருந்து வந்துகொண்டிருந்த ஜவ்வரிசி நின்றுபோனது. சேலத்தில் மாணிக்கம் செட்டியார் என்ற கருவாட்டு வியாபாரி, வியாபாரத்துக்காக அடிக்கடி கேரளம் போய் வருகிறவர். அங்கே பினாங்கிலிருந்து வந்திருந்த போபட்லால் ஷா என்பவரைச் சந்திக்கிறார். மரவள்ளி மாவிலிருந்து ஜவ்வரிசி செய்யும் விதம் ஷாவுக்குத் தெரியும். 1943-இல் இருவரும் சேலத்தில் கையாலேயே செய்யத் தொடங்குகிறார்கள். மாவைப் பிழிவது, குலுக்கி உருட்டுவது, வறுப்பது எல்லாம் பழைய முறை. பிறகு வெங்கடாசல கவுண்டர் என்ற மெக்கானிக் வருகிறார், கருவிகளையும் முறைகளையும் திருத்துகிறார். உற்பத்தி பெருகுகிறது. அங்கிருந்து சேலம், ஆத்தூர், நாமக்கல் என்று ஆலைகள் பரவுகின்றன. ஆலைக்காரர்கள் வியாபாரிகளிடம் சிக்காமல் இருக்க 1981-இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவு வருகிறது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து ஆத்தூர் பஸ்ஸில் போய்விடும் தூரம். இந்தக் கதை எந்தப் பாடப்புத்தகத்திலும் எனக்குக் கண்ணில் படவில்லை. இதில் ஒரு பொறியியல் மாணவன் கவனிக்க வேண்டியதைப் பாருங்கள். யாருக்கும் ஒரு 'பெரிய ஐடியா' வரவில்லை. ஒருவருக்குச் சந்தையும் வழித்தடமும் தெரியும், இன்னொருவருக்குச் செய்முறை தெரியும், மூன்றாமவருக்கு இரும்பு தெரியும். மெக்கானிக் கடைசியில்தான் வருகிறார், ஆனால் அவர் வராமல் இது ஊர்த்தொழில் ஆகியிருக்காது. தொழில்முனைவு என்றால் ஒரு தனி மனிதனின் மனசுக்குள் எரியும் நெருப்பு என்று இரண்டாம் அலகு சொல்கிறது. இங்கே நடந்தது மூன்று பேர் சந்தித்துக்கொண்டது.

சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர் 2001-இல் எழுதியது இதோடு அப்படியே பொருந்தும். அனுபவம் வாய்ந்த 27 தொழில் நிறுவனர்களிடம் ஒரு கற்பனைத் தொழில் சிக்கலைக் கொடுத்து எப்படி யோசிக்கிறார்கள் என்று கவனித்தவர் அவர். இலக்கை முதலில் குறித்துவிட்டுப் பணம் தேடிப் போகிறவர்கள் இல்லை அவர்கள். நான் யார், எனக்கு என்ன தெரியும், யாரைத் தெரியும் என்று கையில் இருப்பதிலிருந்து தொடங்குகிறவர்கள், தாங்கக்கூடிய நஷ்டம் எவ்வளவு என்று முதலில் முடிவு செய்பவர்கள். நம்ம கடைசி வரிசைப் பையன் சொன்னது இந்த இரண்டாவது விஷயத்தைத்தான். தாங்கக்கூடிய நஷ்டம் எங்க வீட்டில் தீர்ந்துபோச்சு என்றான்.

மேடைகளில் வழக்கமாகச் சொல்லும் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரெஷ்வொர்க்ஸ் கிரீஷ் மாத்ருபூதம், திருச்சிக்காரர், 2021-இல் நாஸ்டாக்கில் மணி அடித்தார். கைதட்டல். 2010-இல் தொடங்குவதற்கு முன்னால் அவர் சோஹோவில் பல வருஷம் சம்பளத்துக்கு வேலை பார்த்தார், அந்தத் தொழிலையும் அந்த வாடிக்கையாளரையும் அங்கேதான் படித்தார் என்பதை அதே மேடையில் சொல்வது குறைவு. சொன்னால் 'வேலை தேடாதே' என்கிற வசனம் நிற்காது.

இன்னொரு பக்கம் ஐந்தாம் அலகில் 'சிறுதொழில் நலிவு: காரணங்கள், விளைவுகள்' என்று ஒரு அருமையான தலைப்பு இருக்கிறது. செமஸ்டர் முடியும் நேரத்தில் வருவதால் அவசரமாக ஓடிவிடும். கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டில் ஒன்று, கச்சிராயபாளையத்தில் ஒன்று என இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். 2021-இல் புவிசார் குறியீடு வாங்கிய கள்ளக்குறிச்சி மரச்சிற்பம். உளுந்தூர்பேட்டையில் தைவானின் பௌ சென் குழுமம் 2,302 கோடியில் காலணித் தொழிற்சாலை, 20,000 வேலை என்று 2023-இல் ஒப்பந்தம். நலிவு, கைத்தொழில், சப் கான்ட்ராக்ட் மூன்றையும் ஒரே மாவட்டத்துக்குள் நடந்தே பார்க்கலாம். வகுப்பில் 'சப் கான்ட்ராக்டிங் வரையறு' என்று ரெண்டு மார்க்.

அரசு உதவித் திட்டங்களை நடத்தும் விதமும் இப்படித்தான். நீட்ஸ் திட்டத்தில் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கு 25 சதவீதம் மானியம் என்று எழுதிப்போடுவார்கள். திட்டச் செலவு குறைந்தது 10 லட்சமாவது இருக்கணும், சொந்தப் பங்கு 10 சதவீதம், சிறப்புப் பிரிவினருக்கு 5. அப்படியானால் குறைந்தபட்சத் திட்டத்துக்கே ஒரு பொதுப்பிரிவுப் பிள்ளை 1 லட்சம் கொண்டுவரணும். 10 லட்சம் வரைக்கும் சிறுதொழில் கடனுக்கு ஈடு கேட்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-இலேயே சொல்லிவிட்டது. இந்த விதியைத் தெரிந்துகொண்டு ஒரு கிளை மேலாளர் முன்னால் போய் உட்கார்ந்தால் என்ன நடக்கும், மாவட்டத் தொழில் மையத்தில் என்ன கேட்பார்கள், எந்தக் காகிதம் எங்கே நிற்கும். இதை ஒருமுறை நிஜமாகப் போய்ப் பார்த்துவிட்டு வரச்சொல்லி, அதற்கு மார்க் போட்டால் என்ன?

நான் பேசிய ஒரு பேராசிரியர் இதற்குப் பதில் சொன்னார். "எனக்கு நாலு பாடம், 60 பிள்ளை, நாக் வேலை வேற. மலைக்குக் கூட்டிட்டுப்போயி ஒரு பிள்ளைக்கு எதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? அதுவும் ஊக்கப் பேச்சு கேட்டு ஒரு பிள்ளையாவது நிமிந்து உக்காந்தா நல்லதுதானே." அவர் சொன்னதில் முதல் பாதி முழுக்க உண்மை. இரண்டாவது பாதியும் பொய் இல்லை, முதல் பட்டதாரி வீட்டுப் பிள்ளைக்கு 'உன்னாலும் முடியும்' என்று ஒருத்தர் சொல்வதற்கு மதிப்பு உண்டு. ஆனால் அந்தச் சொல்லோடு ஒரு வாங்குபவரும், ஒரு கடனும், தோற்றால் திரும்பி வர ஒரு வழியும் சேர்ந்து வரலைன்னா, தோற்ற பிறகு அந்தப் பிள்ளை தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்ளும். எனக்கு மனசு வரலைன்னு இல்லை, அதற்கு நான் பயப்படுகிறேன்.

பிற்பாடு அந்தக் கடைசி வரிசைப் பையனும் அவன் சிநேகிதர்கள் மூன்று பேரும் என்னோடு தொடர்பில் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்று செய்து பார்த்தோம்.

கிழங்கு ஆலைகளில் விலை வெறும் எடைக்கு இல்லை. மாவுச்சத்து எவ்வளவு என்று பார்த்து, அதை 'பாயிண்ட்' என்பார்கள், அதற்கேற்ப விலை. பாயிண்ட் பார்ப்பது ஆர்க்கிமிடீஸ் காலத்து விஷயம்தான். சாம்பிள் கிழங்கை வெளியே ஒருமுறை எடை போட்டு, தண்ணீருக்குள் முக்கி ஒருமுறை எடை போடணும். மாவு அதிகம் இருந்தால் அடர்த்தி அதிகம், தண்ணீருக்குள்ளும் எடை அதிகம் காட்டும். 5 கிலோ கிழங்கு தண்ணீருக்குள் சில நூறு கிராம்தான் நிற்கும். அதனால் கிழங்கில் ஒட்டிய மண், தராசின் சின்னப் பிழை, எந்தக் கிழங்கைச் சாம்பிளுக்கு எடுத்தார்கள் என்பது எல்லாமே பாயிண்ட்டை மாற்றிவிடும். தராசு ஆலை வாசலில் இருக்கு. பிடுங்கின கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே கறுத்துவிடும். வெள்ளிமலையிலிருந்து லாரி வாடகை கொடுத்துக் கொண்டுபோனவர், பாயிண்ட் குறைவு என்று சொன்னால் திருப்பி எடுத்துக்கொண்டு வர முடியுமா?

பிள்ளைகள் ஒரு வாளி, ஒரு தொங்கும் டிஜிட்டல் தராசு, ஒரு கம்பிக்கூடை வைத்துக்கொண்டு கச்சிராயபாளையத்தில் ஒரு வயல் ஓரமாக இதைச் செய்தார்கள். முதல் நாலு தடவையும் நாலு விதமாக வந்தது. கூடை வாளியின் பக்கத்தில் இடிக்கிறது என்று ஒருவன் கண்டுபிடித்தான். கழுவாத கிழங்கும் கழுவின கிழங்கும் எவ்வளவு மாறுது என்று இன்னொருவன் தனியாக எழுதிக்கொண்டான். வயல்காரர் வரப்பில் குந்தியிருந்து எல்லாத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பக்கத்தில் வந்து தராசைத் தூக்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்குது தம்பி. நீ போட்ட பாயிண்ட்ட மில்லுக்காரன் ஒத்துக்கணுமே."

பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் நோட்டைத் திறந்து, "உங்க லோடு போறப்ப நானும் கூட வரலாமாண்ணா?" என்று கேட்டான். அவர், "லாரியில டிரைவர் பக்கத்துல எடம் இருந்தா வா. சித்திரை முடியட்டும்" என்றார்.